பளுவுக்கேற்ற சங்கிலி: செயின் ஸ்லிங் தேர்வு

கோவை வார்ப்பாலைகளிலும் திருச்சி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளிலும் ஸ்டோர்ஸுக்கு வரும் இண்டென்ட் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: “செயின் ஸ்லிங், 10 மி.மீ., 4 கால், 2 மீட்டர், ஒன்று.” தூக்கப்போகும் பொருள் எது, அது சூடாக இருக்குமா, கொக்கி மாட்டும் இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், விளிம்பு கூரா மழுங்கலா என்று எதுவும் அதில் இருக்காது. விற்பவர் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார். வந்த ஸ்லிங் தரமானதுதான், சான்றிதழும் சரிதான். ஆனால் அந்த வேலைக்கு அது பொருந்துமா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சங்கிலியின் தடிமனைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது அதைத்தான். எடை, கோணம், பொருளின் விறைப்பு, சூடு, விளிம்பு ஆகியவை தெரிந்துவிட்டால் தடிமன் தானே வந்து நிற்கும். தடிமனை முதலில் எழுதிவிட்டால் மற்றதையெல்லாம் கிரேனுக்கடியில் நிற்கும் கலாசியின் தலையில் கட்டிவிடுகிறோம்.

சங்கிலிதான் வேண்டுமா?

எல்லாச் சுமைக்கும் சங்கிலி தேவையில்லை. மெருகேற்றிய தண்டு, பெயின்ட் அடித்த பம்பு, எந்திரத்தில் கடைந்து முடித்த பாகம் போன்றவற்றுக்கு பெல்ட் எனப்படும் பாலியெஸ்டர் பட்டை ஸ்லிங்கே நல்லது. எடை குறைவு, பொருளில் கீறலும் விழாது. ஆனால் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது ஆகாது. கூரான விளிம்பு பட்டால் கத்தி பட்டதுபோல அறுந்துபோகும். ஒயர் ரோப் விலை குறைவு, நீளமான சுமைகளுக்கு வசதி. ஆனால் ஒருமுறை மடங்கி முறுக்கேறிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. நடுவே நார் திரி உள்ள ரோப்பும் 100 டிகிரிக்கு மேல் கூடாது.

சூடு, கரடுமுரடான மேற்பரப்பு, நாள் முழுக்க மாறி மாறிச் செய்யும் கடினமான வேலை, அடிக்கடி நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டிய தேவை ஆகியவை இருந்தால் சங்கிலிதான். வார்ப்பாலை, ஃபோர்ஜிங் கடை, கனரக ஃபேப்ரிகேஷன், எஃகுக் கிடங்கு எல்லாம் இந்த வகை. சரியாகப் பேணினால் சங்கிலி மற்ற இரண்டையும்விட நெடுநாள் உழைக்கும். சேதமடைந்த ஒரு காலை மட்டும் தயாரிப்பாளரிடமோ அவர் ஒப்புதல் பெற்ற பட்டறையிலோ மாற்றிக்கொள்ளவும் முடியும்.

சங்கிலிக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. ஒயர் ரோப்பில் ஒரு இழை அறுந்தால் மற்ற இழைகள் தாங்கி நிற்கும், கண்ணுக்கும் தெரியும். சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று. 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் கம்பி வடத்தை உருவாக்கியதற்கே, சுரங்கத்தில் பளு தூக்கிய சங்கிலிகள் அடிக்கடி அறுந்துபோனதுதான் காரணம். இன்றைய அலாய் எஃகுச் சங்கிலி அந்தக் கால இரும்புச் சங்கிலியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு மேலானது. அறுந்துபோகும் முன் நன்றாக நீண்டு எச்சரிக்கும்படி அது தயாரிக்கப்படுகிறது. அந்த நீட்சியைப் பார்க்கக் கண் வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

கிரேடு

தலைக்கு மேல் தூக்க அலாய் எஃகில் செய்த கிரேடு 80, கிரேடு 100, கிரேடு 120 சங்கிலிகளே பொருத்தம். லாரியில் சரக்கைக் கட்டும் தங்க நிறப் பூச்சுள்ள கிரேடு 70 சங்கிலி பார்க்க வலுவாக இருக்கும். அது இழுத்துக் கட்டத்தான், தூக்க அல்ல. கிரேடு 30, 43 வகைகளும் அப்படியே. ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் விற்கும் சங்கிலியை வாங்கி, இரண்டு முனையிலும் கொக்கி பற்றவைத்து, “நம்ம பட்டறை ஸ்லிங்” என்று கிரேனில் மாட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை ஒரு நாளும் அனுமதிக்காதீர்கள். அலாய் சங்கிலியில் வெல்டிங் பட்டாலே அந்த இடத்தின் வெப்பப்பதம் கெட்டுவிடும்.

கிரேடு எண் எதைச் சொல்கிறது? கிரேடு 80 சங்கிலி அறுவதற்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 800 நியூட்டன் தகைவு வேண்டும். கிரேடு 100-க்கு 1000. ஆகவே ஒரே தடிமனில் கிரேடு 100 சுமார் 25 சதவீதம் கூடுதலாகத் தாங்கும். ஐரோப்பிய ஈ.என். 818 தரத்தின்படி கிரேடு 80 சங்கிலியின் ஒற்றைக் கால் பாதுகாப்புச் சுமை, தடிமன் வாரியாக:

8 மி.மீ. – 2 டன்
10 மி.மீ. – 3.15 டன்
13 மி.மீ. – 5.3 டன்
16 மி.மீ. – 8 டன்
20 மி.மீ. – 12.5 டன்
22 மி.மீ. – 15 டன்
26 மி.மீ. – 21.2 டன்

கிரேடு 100-இல் 10 மி.மீ. சங்கிலிக்கு 4 டன், 13 மி.மீ.க்கு 6.7 டன், 16 மி.மீ.க்கு 10 டன். இந்த அளவுகள் எல்லாம் அறுபடும் சுமையில் நான்கில் ஒரு பங்கு. அந்த நான்கு மடங்கைப் பார்த்து, “எப்படியும் தாங்கும், கொஞ்சம் கூட ஏற்றலாம்” என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கிரேன் சட்டென நிற்கும்போது வரும் குலுக்கல், நாளாவட்டத்தில் வரும் தேய்மானம், எடையைக் கணித்ததில் உள்ள பிழை ஆகிய மூன்றுக்குமாகத்தான் அந்த இடைவெளி. அது ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம்.

எந்தக் கிரேடு வாங்கலாம்? கலாசி கையால் தூக்கி மாட்டும் ஸ்லிங் என்றால் கிரேடு 100-க்கு என் ஓட்டு. அதே சுமைக்கு ஒரு படி மெலிந்த சங்கிலி போதும். ஒரு ஷிஃப்டில் பல முறை தோளில் சுமக்கும் மனிதருக்கு அது பெரிய நிம்மதி. எடை மிகுந்த ஸ்லிங்கைச் சரியாக மாட்டாமல் “சும்மா இப்படிக் கோத்துவிடலாம்” என்று நினைக்க வைப்பதே களைப்புதான். சூடான வேலைக்கு மட்டும் இதில் ஒரு நிபந்தனை உண்டு; கீழே வருகிறது.

ஒரே பட்டறையில் இரண்டு கிரேடும் இருந்தால் கொக்கி, மாஸ்டர் லிங்க், இணைப்புக் கண்ணி எதுவும் கலந்துவிடக் கூடாது. கலந்த ஸ்லிங்கின் திறன், அதில் உள்ள மிகத் தாழ்ந்த பாகத்தின் திறன்தான். ஒவ்வொரு மீட்டருக்குள்ளும் ஏதாவது ஒரு கண்ணியில் 8 அல்லது 80, 10 அல்லது 100 என்று பொறித்திருக்கும். துணியால் துடைத்துப் பார்த்தால் தெரியும்.

எடை

வரைபடத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் முடிந்த பொருளின் எடை. அச்சிலிருந்து வெளியே வரும் வார்ப்பில் ரைசரும் ரன்னரும் ஒட்டிய மணலும் உள்ளே இருக்கும் கோரும் சேர்ந்திருக்கும். மணலிலிருந்து பிடுங்கி எடுக்கும் முதல் நொடியில் இழுவை எடையைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஃபேப்ரிகேஷனில் தற்காலிகத் தாங்கிகளும் ஸ்டிஃப்னர்களும் கணக்கில் வராமல் போகின்றன. எடை தெரியாவிட்டால் கன அளவைக் கணக்கிடுங்கள்: எஃகு ஒரு கன மீட்டருக்கு 7.85 டன், வார்ப்பிரும்பு சுமார் 7.2 டன். தகடாக இருந்தால் இன்னும் சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ.

கோணம்

பட்டறைகளில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். 6 டன் பொருளை இரண்டு கால்களில் தூக்கினால் ஆளுக்கு 3 டன் என்று மனக்கணக்கு போடுகிறோம். கால்கள் நேர் செங்குத்தாகத் தொங்கினால் மட்டுமே அது சரி. விரிந்து நிற்கும் கால்கள் பொருளைத் தூக்குவதோடு ஒன்றையொன்று உள்நோக்கியும் இழுக்கின்றன. அந்த இழுப்பு சங்கிலிக்குக் கூடுதல் சுமை. செங்குத்திலிருந்து 30 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு காலிலும் மொத்த எடையில் 58 சதவீதம் விழும். 45 டிகிரியில் 71 சதவீதம். 60 டிகிரியில் ஒவ்வொரு காலும் முழு எடையையே தாங்குகிறது. அதாவது 6 டன் பொருளுக்கு இரண்டு கால்களிலும் தலா 6 டன். 75 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே 60 டிகிரிக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. 15 டிகிரிக்குக் கீழேயும் வேண்டாம். கால்கள் மிக நெருங்கி நின்றால் சுமை ஆடவும் சாயவும் தொடங்கும்.

ஸ்லிங் அட்டவணைகள் இதை இரண்டு படிகளாகச் சுருக்கிவிடுகின்றன. இரண்டு கால் ஸ்லிங்குக்கு 45 டிகிரி வரை ஒற்றைக் கால் சுமையின் 1.4 மடங்கு, 45-இலிருந்து 60 வரை ஒரு மடங்கு மட்டும். மூன்று, நான்கு கால்களுக்கு 2.1 மடங்கும் 1.5 மடங்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பிய அட்டவணைகள் கோணத்தைச் செங்குத்திலிருந்து அளக்கின்றன. அமெரிக்க அட்டவணைகள் கிடைமட்டத்திலிருந்து. இரண்டிலும் 45 ஒன்றுதான். ஆனால் அமெரிக்க அட்டவணையில் 60 என்று இருப்பது ஐரோப்பிய அட்டவணையின் 30. சுவரில் ஒரு நாட்டின் அட்டவணையும் டேக்கில் இன்னொரு நாட்டின் கோணமுமாக இருக்கும் பட்டறையில், 60 டிகிரிக்கு நல்ல திறன் இருக்கிறது என்று படித்துவிட்டு, உண்மையில் சங்கிலியை எல்லையில் நிறுத்துவார்கள். உங்கள் பட்டறைக்கு ஒன்றைத் தேர்ந்து, மற்றதைக் கிழித்துவிடுங்கள்.

தரையில் நிற்பவரிடம் கோணமானி இருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு கொக்கிகளும் மாட்டிய இடங்களுக்கு இடையிலான தூரமும் ஒரு காலின் நீளமும் சமமாக இருந்தால் விரிவு சரியாக 30 டிகிரி. தூரம் காலின் நீளத்தைப்போல 1.4 மடங்கானால் 45 டிகிரி. 1.7 மடங்கைத் தாண்டினால் 60-ஐ நெருங்கிவிட்டோம், நிறுத்த வேண்டும். நான்கு கால் என்றால் பக்கத்தை விட்டுவிட்டு மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். டேப் ஒன்று போதும். கலாசிக்கு இந்த மூன்று எண்களைக் கற்றுக்கொடுத்துவிட்டால் பாதி விபத்தைத் தடுத்த மாதிரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான்கு கால் எப்போதும் நான்கு கால் அல்ல

நான்கு கால்களுக்கு ஏன் 2.1 மடங்கு, 2.8 ஏன் இல்லை? நான்கு கால்களும் சமமாகச் சுமை ஏற்பது அரிது. அதனால் மூன்று கால்கள் தாங்குவதாகவே அட்டவணை கணக்கிடுகிறது. விறைப்பான, வளையாத பொருளில் அதுகூட நடக்காது. நான்கு தூக்குக் காதுகளில் ஒன்று சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்களே பெரும்பாலான எடையைத் தாங்கும். மற்ற இரண்டும் பொருளைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே தடித்த வார்ப்பு, எந்திரப் படுகை, கனமான பேஸ்பிளேட் போன்ற விறைப்பான பொருளுக்கு நான்கு கால் ஸ்லிங்கையும் இரண்டு காலாகவே கணக்கிடுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எந்திரப் படுகை வார்ப்பு ஒன்று, ரைசரோடு 6 டன். தூக்குக் காதுகள் 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் செவ்வகத்தின் மூலைகளில் இருக்கின்றன, எடை மையம் நடுவில். மூலைவிட்டம் 2.68 மீட்டர். 1.5 மீட்டர் கால்கள் போட்டால் விரிவு 63 டிகிரியைத் தாண்டும், ஆகாது. 2 மீட்டர் கால்கள் என்றால் 42 டிகிரி. காதுகளுக்கு மேல் கிரேன் கொக்கி வரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் வேண்டும். உங்கள் இ.ஓ.டி. கிரேன் கொக்கியின் அதிகபட்ச உயரம், வார்ப்பின் உயரம், தாண்ட வேண்டிய தடை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து அந்த உயரம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். உயரம் போதாவிட்டால் காலைக் குட்டையாக்காதீர்கள். ஸ்பிரெடர் பீம் போடுங்கள்.

இப்போது தடிமன். கிரேடு 80, 10 மி.மீ., நான்கு கால், 45 டிகிரிக்குள் – அட்டவணையில் 6.7 டன். 6 டன் வார்ப்புக்கு இது போதும் என்று தோன்றும். இண்டென்டில் பெரும்பாலும் எழுதுவதும் இதைத்தான். ஆனால் இது விறைப்பான வார்ப்பு. எடை முழுவதும் இரண்டு கால்களில் விழுந்தால் ஒவ்வொன்றிலும் 4 டன்னுக்கு மேல் வரும், 10 மி.மீ. சங்கிலியின் அளவோ 3.15 டன். கிரேடு 100-க்கு மாறினாலும் 10 மி.மீ. இரண்டு கால் 5.6 டன்தான், அதுவும் போதாது. கிரேடு 80-இல் 13 மி.மீ. எடுத்தால் இரண்டு காலுக்கு 7.5 டன். அதுதான் சரியான ஸ்லிங்.

தூக்குக் காதுக்குப் பதில் ஐ போல்ட் இருந்தால் அதையும் பாருங்கள். ஐ போல்டின் திறன் நேர்மேலே இழுக்கும்போது சொல்லப்படுவது. ஜெர்மன் தரமான டின் 580-இன்படி எம்24 ஐ போல்ட் நேராக 1.8 டன் தாங்கும், 45 டிகிரியில் 1.29 டன்தான். பக்கவாட்டில் இழுக்க வேண்டியிருந்தால் சுழலும் ஹோய்ஸ்ட் ரிங் வாங்குங்கள். 13 மி.மீ. சங்கிலியை எம்24 ஐ போல்டில் மாட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

சூடு, விளிம்பு, அமிலம்

மேலே சொன்ன அதே வார்ப்பு முழுவதும் ஆறாமல் வந்தால் கணக்கு மாறும். கிரேடு 80 சங்கிலி 200 டிகிரி செல்சியஸ் வரை முழுத் திறன் தரும். 200-இலிருந்து 300 வரை 90 சதவீதம், 300-இலிருந்து 400 வரை 75 சதவீதம். 400-க்கு மேல் பயன்படுத்தவே கூடாது. தவறி அந்தச் சூடு பட்டுவிட்டால் ஆறிய பிறகும் அந்த ஸ்லிங்கை நம்ப வேண்டாம், கழித்துவிடுங்கள். நமது 13 மி.மீ. ஸ்லிங் 250 டிகிரியில் 6.75 டன் தாங்கும், வேலை நடக்கும். 350 டிகிரியில் 5.6 டன்னாகக் குறைந்துவிடும். அப்போது 16 மி.மீ. தேவை. அதில் இரண்டு காலுக்கு 11.2 டன், முக்கால் பங்கு எடுத்தால் 8.4 டன். எட்டு மீட்டர் 16 மி.மீ. சங்கிலி மட்டுமே 45 கிலோவைத் தாண்டும், கொக்கிகள் தனி. சில மணி நேரம் ஆறவிடலாமா என்று யோசிக்க இதுவே ஒரு நல்ல காரணம்.

கிரேடு 100-இல் நிபந்தனை இங்கேதான். சில தயாரிப்புகளுக்கு 400 டிகிரி வரை அனுமதி உண்டு. சிலவற்றுக்கு 200 டிகிரியோடு சரி. வார்ப்பாலைக்கு வாங்கும்போது வெப்ப எல்லையைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். உருகிய உலோகம் நிறைந்த லேடிலைத் தூக்குவது முற்றிலும் வேறு வேலை, அதற்கான தனிக் கருவிகள் வேண்டும். இந்த அத்தியாயத்தின் கணக்கை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

விளிம்பு. சங்கிலி இரும்புதானே, எந்த விளிம்பும் என்ன செய்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கண்ணி நேராக இழுபடுவதற்குச் செய்யப்பட்டது. விளிம்பில் மடங்கினால் அது வளையத் தொடங்கும். விளிம்பின் ஆரம் சங்கிலித் தடிமனின் இரு மடங்குக்கு மேல் இருந்தால் குறைப்பு தேவையில்லை. தடிமனுக்கு மேல், இரு மடங்குக்குள் என்றால் 70 சதவீதம். அதற்கும் கூரானால் பாதி. காஸ் கட்டிங் முடிந்து வந்த தகட்டின் விளிம்பு எப்போதும் பாதிக் கணக்கில்தான் சேரும். தடித்த ரப்பரோ, பாதியாகப் பிளந்த குழாயோ வைத்து விளிம்பை மழுக்கிவிட்டால் இந்தக் குறைப்பைத் தவிர்க்கலாம். சங்கிலியைப் பொருளைச் சுற்றிச் சுருக்குப் போட்டுத் தூக்கினால் 80 சதவீதம்.

இவை ஒன்றோடொன்று பெருகும். 250 டிகிரி சூட்டில், 70 சதவீத விளிம்பில் 10 மி.மீ. கிரேடு 80 சங்கிலியின் ஒற்றைக் கால் திறன் 3.15 டன்னிலிருந்து 2 டன்னுக்கு இறங்கிவிடும்.

அமிலம் இந்த உயர்வலு எஃகின் பெரிய எதிரி. பிக்லிங் தொட்டியிலோ அதன் புகையிலோ தொங்கும் அலாய் சங்கிலிக்குள் ஹைட்ரஜன் புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே நொறுங்கும் தன்மையைக் கொண்டுவந்துவிடும். பிறகு அது நீளாமல், எச்சரிக்காமல் உடையும். இதே காரணத்தால் துருவைப் போக்க அமிலத்தில் ஊறவைப்பதும், துருப்பிடிக்காமல் இருக்க கால்வனைஸ் செய்வதும் கூடாது. அமிலச் சூழலுக்கு அதற்கென்றே செய்த சங்கிலியைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

பழைய பட்டறைகளில் இன்னொரு பழக்கம் மிச்சம் இருக்கிறது. தேனிரும்புச் சங்கிலி இருந்த காலத்தில், வேலையில் இறுகிப் போன உலோகத்தை இளக்க, குறித்த கால இடைவெளியில் சூளையில் வைத்துப் பதப்படுத்துவார்கள். அன்றைய விதிகளே அதைக் கட்டாயமாக்கியிருந்தன. அந்த நினைவில் அலாய் சங்கிலியைச் சூளையில் வைத்தால் அதன் வலுவே போய்விடும். கிரேடு 80, 100 சங்கிலிகளுக்கு அந்தப் பழக்கம் அறவே கூடாது.

கொக்கி

சாதாரணத் தாழ்ப்பாள் கொக்கி எல்லா வேலைக்கும் போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். சுமை தளர்ந்து மறுபடி இறுகும் வேலைகளில், உதாரணமாக வார்ப்பைப் புரட்டும்போது, மெல்லிய தாழ்ப்பாள் வளைந்து கொக்கி கழன்றுவிடும். அங்கே தானாகப் பூட்டிக்கொள்ளும் செல்ஃப் லாக்கிங் கொக்கியே வேண்டும். விலை கூடுதல், ஆனால் நான் அதில் சிக்கனம் பார்க்கச் சொல்ல மாட்டேன். அகன்ற வாயும் தாழ்ப்பாள் இன்மையும் கொண்ட ஃபவுண்டரி கொக்கி, பெரிய காதுகளுக்கும் வார்ப்பின் துளைகளுக்கும் உரியது. பழகிய கைகளுக்கு மட்டும் கொடுங்கள். எந்தக் கொக்கியானாலும் சுமை அடிக்கிண்ணத்தில் உட்கார வேண்டும், முனையில் தொங்கக் கூடாது. கொக்கிகளை உள்ளிருந்து வெளியே பார்த்தபடி மாட்டினால் கால் தளர்ந்தாலும் எளிதில் கழலாது.

நீளத்தைக் குறைக்க ஷார்ட்னிங் கிளட்ச் அல்லது கிராப் கொக்கி கேட்டு வாங்குங்கள். முடிச்சுப் போட்டோ, கண்ணிகளுக்கு நடுவே போல்ட் செருகியோ குறைத்த சங்கிலி ஸ்லிங்கே அல்ல. கிராப் கொக்கியில் சில வடிவங்கள் சங்கிலியின் திறனைக் குறைக்கும், சில குறைக்காது. இதுவும் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி. மாஸ்டர் லிங்க் உங்கள் கிரேன் கொக்கியில் தாராளமாக நுழைந்து அடியில் உட்காருமா என்பதை வாங்கும் முன் அளந்துவிடுங்கள். பெரிய கிரேன், சிறிய வளையம் என்று வந்து சேரும் ஸ்லிங்குகள் ஏராளம்.

டேக்கும் பதிவேடும்

ஒவ்வொரு ஸ்லிங்கிலும் உலோக டேக் இருக்க வேண்டும். அதில் பாதுகாப்புச் சுமை, அதற்கான கோணம், கால்களின் எண்ணிக்கை, தடிமன், கிரேடு, தனி அடையாள எண், தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். கூடவே அதே எண்ணுள்ள சோதனைச் சான்றிதழ். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 29-ஆம் பிரிவில் வகுத்த நடைமுறை தெளிவானது: சங்கிலியும் தூக்கும் சாதனங்களும் 12 மாதங்களுக்கு ஒரு முறையாவது தகுதிபெற்றவரால் முழுமையாகப் பரிசோதிக்கப்பட வேண்டும், பாதுகாப்புச் சுமை பொறிக்கப்பட்டுப் பதிவேட்டில் ஏற வேண்டும், சோதனைக்கன்றி அந்தச் சுமைக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை என்பது குறைந்தபட்சம். மூன்று ஷிஃப்ட் ஓடும் வார்ப்பாலைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும் முன் கலாசி தன் கண்ணால் பார்ப்பது அன்றாடம்.

புதிய ஸ்லிங் வந்த அன்றே ஒவ்வொரு காலையும் தொங்கவிட்டு நீளத்தை அளந்து பதிவேட்டில் எழுதிவிடுங்கள். பின்னாளில் நீட்சியைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. நான்கில் ஒரு கால் மட்டும் நீண்டிருந்தால், எங்கோ ஒரு நாள் அது மட்டும் அளவுக்கு மீறித் தாங்கியிருக்கிறது என்று பொருள்.

கழிக்க வேண்டிய நேரம்

சோதிக்கும் முன் மண்ணும் கிரீஸும் போகத் துடையுங்கள். அமிலம் வேண்டாம், பெயின்டும் வேண்டாம், பெயின்ட் விரிசலை மறைத்துவிடும். கண்ணிகள் ஒன்றையொன்று தொடும் உட்புறத்தில்தான் தேய்மானம் இருக்கும். சங்கிலியைத் தளர்த்தி, கண்ணியை நகர்த்தி, அந்த இடத்தில் வெர்னியர் வைத்து ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். அது முதல் தடிமனின் 90 சதவீதத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது: 10 மி.மீ. சங்கிலிக்கு 9 மி.மீ., 13-க்கு 11.7, 16-க்கு 14.4. கண்ணியின் உள்நீளம் தடிமனைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். அது 5 சதவீதம் கூடிவிட்டால் கழியுங்கள். 10 மி.மீ. சங்கிலியில் அது 30 மி.மீ.யிலிருந்து 31.5. கொக்கியின் வாய் 10 சதவீதம் விரிந்தால் ஐரோப்பிய வழக்கில் கழிவு, அமெரிக்க பி30.10 தரம் 5 சதவீதத்திலேயே கழிக்கச் சொல்கிறது. நான் பின்பற்றச் சொல்வது கடுமையான அந்த 5 சதவீதத்தையே. விரிசல், ஆழமான வெட்டு, முறுக்கு, வெல்டிங் தெறித்த புள்ளி, ஆர்க் பட்ட தடம் என எது இருந்தாலும் அளக்கவே வேண்டாம். ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டிங் எர்த் சங்கிலி வழியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணிகள் தொடும் இடத்தில் பொறி பறந்தால் அங்கேயே பதம் கெடும்.

கழித்த ஸ்லிங்கை மூலையில் போட்டுவைத்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துவிடுவார்கள். காஸ் கட்டரால் துண்டாக்கி ஸ்கிராப்பில் போடுங்கள். டேக் இல்லாமல் தொங்கும் ஸ்லிங்குகளையும் இந்த வாரமே கிரேனிலிருந்து இறக்கிப் பூட்டி வையுங்கள். அடையாள எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரிடமிருந்து புது டேக்கும் சான்றும் வரும்வரை அவை வெளியே வரக் கூடாது. அடுத்த இண்டென்டில் தடிமனுக்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: “6 டன் விறைப்பான வார்ப்பு, காதுகள் 2.4-க்கு 1.2 மீட்டர், 250 டிகிரி வரை சூடு, கொக்கி உயரம் 1.5 மீட்டர், புரட்டும் வேலை உண்டு.” விற்பவர் அதற்கு என்ன ஸ்லிங் தருகிறார், ஏன் தருகிறார் என்பதை அட்டவணையோடு எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.